தேவாங்கும் ஆந்தையும்

திகைத்து நிற்பவனை ஆந்தைபோல் விழிக்கிறான் என்கிறோம்; மெலிந்தவனைத் தேவாங்கு என்று கேலி செய்கிறோம். இவ்விரண்டும் பெங்களூரில் நமக்கு அண்டை வீட்டார் என்பதைப் பிழைப்பு நாடி இங்கு வந்த நம்மிற் பலர் அறியோம். 1909-ஆம் ஆண்டில் தோன்றியதும், டாட்டா இன்ஸ்டிடியூட் என்று ஊரார் வழங்குவதுமான இந்திய அறிவியல் கழகத்தின் மரச்சோலையில் இரண்டும் வாழ்கின்றன.

தேவாங்கு வாலில்லாத சிறு பாலூட்டி. எடை கால் கிலோ அளவே. புள்ளி ஆந்தையோ ஒரு சாண் உயரப் பறவை. குலம் வேறாயினும் தொழில் ஒன்று: இருளில் பூச்சி பிடிப்பது. ஆகவே இரண்டுக்கும் முன்னோக்கிய பெரிய கண்கள் அமைந்தன. ஆந்தையின் விழி சுழலாது, கழுத்தே சுழலும். தேவாங்கின் விழிக்குள் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. விளக்கொளி பட்டால் அது தணல்போல் மின்னும்.

இனி வேற்றுமையைக் காண்போம். ஆந்தைக்குச் சிறகு உண்டு. சாலையை அகலப்படுத்த ஒரு மரத்தை வெட்டினால் அது வேறு மரத்துக்குப் பறந்து செல்லும். பழஞ்சுவரின் பொந்திலும் குடியேறும். தெருவிளக்கை மொய்க்கும் பூச்சிகளையும் உண்ணும். தேவாங்கோ தாவவும் அறியாது. அடுத்த கிளையைப் பற்றிய பின்னரே முன்னைய கிளையை விடும். கிளைகள் தொடும் இடம்வரைதான் அதன் உலகம். நடுவில் ஒரு மரம் வீழ்ந்தால் அது தரையில் இறங்க வேண்டும். அங்கே நாயும் வண்டியும் உள்ளன. மின்கம்பியைக் கிளையென்று பற்றினால் உயிரே போய்விடும்.

எனவே, வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் பத்துக் கன்றுகள் நட்டோம் என்னும் கணக்கு ஆந்தைக்கு ஒருவேளை பொருந்தலாம், தேவாங்குக்குப் பொருந்தாது. மரங்களின் எண்ணிக்கையன்று, கிளைகளின் தொடர்ச்சியே அதற்கு வாழ்வு.

2022-இல் தமிழ்நாட்டு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே. நகரத்துக்கு அத்தகைய காடு கிட்டாது. இங்கே நம் வீட்டுப் புங்கமரக் கிளை அடுத்த வீட்டு மாமரத்தைத் தொடுவதே அதற்குப் பாதை.

தேவாங்கைக் கன்னட மக்கள் ‘காடு பாப்பா’, அதாவது காட்டுக் குழந்தை என்று அழைக்கின்றனர். கேலிச் சொல்லை விடுத்து அந்த அன்புப் பெயரை நாமும் வழங்குவோம். கிளையைக் கழிக்கும் முன் அது எந்தக் கிளையோடு கைகோத்து நிற்கிறது என்று ஒருகணம் அண்ணாந்து பார்ப்போம்.