இரத்தம் கூறும் சாட்சி

களனி கங்கையைக் கடந்து வடக்கே சென்றால், கடற்கரையை அடுத்து ஹெந்தளை என்னும் ஊர் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1708ஆம் ஆண்டில், தொழுநோயாளருக்கென அங்கே ஒரு வைத்தியசாலை அமைந்தது. அந்நோயின் கிருமியை நோர்வே நாட்டு அறிஞர் ஹான்சன் கண்டறிந்ததோ 1873இலேதான். இடைப்பட்ட 165 ஆண்டுகளும் ஒருவருக்குத் தொழுநோய் உண்டா, இல்லையா என்று தீர்ப்பதற்குக் கண்ணும் கையுமே கருவிகளாக இருந்தன. தீர்ப்புப் பிழைத்தால், நோயற்ற ஒருவரும் வீட்டையும் சுற்றத்தையும் பிரிய நேரும்.

புறத்தே தோலில் தோன்றும் நோய்க்கே இந்நிலை என்றால், வயிற்றினுள் மறைந்துறையும் நோயை அறிவது எத்துணை அரிது! இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும் காலந்தவறிய உணவுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இரைப்பையின் கடும் அமிலத்திலே கிருமி எதுவும் வாழாது என்பதே அறிஞர் பலரின் துணிபு.

அத்துணிபை மாற்றியவர் இருவர். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே, 1979இல், றொபின் வாரன் என்பவர் இரைப்பைச் சவ்வின் துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது வளைந்த கிருமிகளைக் கண்டார். பின்னர் பரி மாஷல் அவருடன் இணைந்தார். 1982இல், ஈஸ்டர் விடுமுறையினால் வழக்கத்திலும் அதிக நாட்கள் விடப்பட்ட தட்டிலே அக்கிருமி வளர்ந்தது. 1984இல் மாஷல் அக்கிருமிகள் கலந்த நீரைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகித் தம் கொள்கைக்குச் சான்று தேடினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். புண்ணுக்கு மட்டுமன்றி, இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம் என்று இன்று அறியப்பட்டுள்ளது.

இக்கிருமியை அறிய நேர்வழி ஒன்றுண்டு. வாய்வழியே அகநோக்கிக் குழாயைச் செலுத்தி, சவ்வில் ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதே அது. குழாய்க்கு அஞ்சுவோர் பலர், செலவும் உண்டு. ஆதலால், சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அறிந்துவிடலாம் என்ற செய்தி பலருக்கு ஆறுதலாயிற்று.

இரத்தப் பரிசோதனை காண்பது கிருமியை அன்று. கிருமி உடலிற் புகுந்தால், அதனை எதிர்க்க உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. அவை இரத்தத்தின் நீர்ப்பாயத்தில் உள்ளனவா என்பதையே சோதனை காட்டுகிறது. கள்வன் ஓடிய பின்னும் முற்றத்தில் அவன் காலடித் தடம் கிடப்பதுபோல, கிருமி அழிந்த பின்னரும் மாதக்கணக்காக, ஏன், ஆண்டுக்கணக்காகவும் இவை இரத்தத்தில் நிலைத்திருக்கலாம். தடத்தைக் கண்டு, கள்வன் இன்னும் வீட்டினுள்ளே இருக்கிறான் என்று கூற முடியுமா?

மற்றுமொரு நுட்பம் உண்டு. ஹெந்தளையிலே நூறு பேர் இச்சோதனை செய்துகொண்டனர் என்று கொள்க. அவர்களுள் பத்துப் பேருக்கே கிருமி உண்டு. சோதனை அப்பதின்மரில் 9 பேரைச் சரியாகக் காட்டுகிறது. கிருமியில்லாத பத்துப் பேரில் இருவரைத் தவறாகக் காட்டுகிறது. அவ்வாறாயின், மீதித் தொண்ணூறு பேரில் 18 பேர் வீணே நோயாளர் ஆவர். 'உண்டு' என்று விடை பெற்ற 27 பேரில் 9 பேருக்கே உண்மையில் கிருமி உண்டு! நூற்றில் அறுபது பேருக்குக் கிருமி இருக்கும் ஊரிலோ, அதே சோதனை 54 பேரைச் சரியாகவும் 8 பேரை மட்டுமே தவறாகவும் காட்டும். இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்களே. எனினும், இலங்கையில் இத்தொற்று அயல்நாடுகளிலும் குறைவு என்று இங்கு நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியிருப்பதால், இக்கணக்கு இந்நாட்டவர்க்கு மிகவும் பொருந்தும்.

தவறான விடையினால் விளையும் தீமை சிறிதன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இரு வாரம்வரை வீணே உட்கொள்ள நேரும். அஸ்பிரின் முதலிய வலிநீக்கி மருந்துகளால் வந்த புண்ணாயின், உண்மைக் காரணம் மறைந்தே கிடக்கும்.

இதனாலேயே மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும் இன்று சிறந்தனவாகக் கொள்ளப்படுகின்றன. முன்னதில், அடையாளமிட்ட காபன் அடங்கிய யூரியாவை நோயாளர் பருகுவர். கிருமி இருப்பின் அது யூரியாவைச் சிதைக்கும். அந்தக் காபன் மூச்சிலே வெளிப்படும். பின்னது கிருமியின் கூறுகளையே மலத்தில் தேடுவது. இரண்டும் உயிருள்ள கிருமிக்குச் சாட்சி. இரண்டுக்கும் குழாய் வேண்டுவதில்லை. ஆனால் ஒமெப்பிரசோல் போன்ற அமிலங் குறைக்கும் மருந்தை இரு வாரங்களுக்கு முன்னரும், நுண்ணுயிர்க்கொல்லியை நான்கு வாரங்களுக்கு முன்னரும், வைத்தியரின் சொற்படி நிறுத்தியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்த இயலாதவிடத்தும், புண்ணிலிருந்து குருதி கசியும் காலத்தும் இரத்தப் பரிசோதனை இன்னும் துணைபுரியக்கூடும். சிகிச்சையினால் கிருமி நீங்கியதா என்று அறிவதற்கு மட்டும் அது உதவாது.

மலம் கறுத்துப் போதல், குருதி வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் இடர் ஆகியவை தோன்றின், எளிய சோதனைகளோடு அமையாது, காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். அங்கே அகநோக்கியே ஏற்ற கருவி.

அன்று ஹெந்தளையிலே கண்ணும் கையுமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று சாட்சிகள் பல உண்டு. எச்சாட்சி எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என்று வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பை ஏற்றல் நோயாளரின் கடன்.