பழைய காருக்குப் புதிய பாட்டரி

மார்கழி பிறந்துவிட்டால் நம் ஊரில் வாசற்கோலமும் விடியற்காலைப் பஜனையும் நினைவுக்கு வரும். தில்லியில் வந்து குடியேறிவிட்ட நமக்கு அவற்றோடு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. வாசலில் பனியில் நனைந்து நிற்கும் பழைய கார் காலையில் கிளம்புமா, கிளம்பாதா என்னும் கவலைதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு தை மாதத்து விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அவள் கணவர் வெளியூர் சென்றிருந்தார். மாமியார் வந்து கதவைத் தட்டினார். "உங்கள் வண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் இருந்தோம்" என்றார். சாவியைத் திருப்பினோம், 'டிக்' என்று ஒரே ஓர் ஓசை. மறுபடியும் அதே 'டிக்'. மூடுபனியில் எதிரே வந்த பால் வண்டிக்காரர் ஒருவர்தாம் அன்று அந்தப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் சேயும் நலமே. ஆயினும் அந்த 'டிக்' என்னும் ஓசை எங்கள் காதைவிட்டு அகலவில்லை.

பாட்டரி வாங்கி எட்டே மாதந்தான் ஆகியிருந்தது. மறுநாள் மெக்கானிக் அதைத் தூக்கித் திருப்பி, மேற்புறத்தில் பொறித்திருந்த குறியைக் காட்டினார். நாங்கள் வாங்கிய நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே செய்யப்பட்ட சரக்கு அது. கடையின் அலமாரியிலேயே பாதி உயிரை விட்டுவிட்டு எங்களிடம் வந்திருக்கிறது. கடைக்காரர் மறைத்தது ஒரு பங்கு; நாங்கள் பார்க்கவேண்டியதைப் பாராமல் வாங்கியது மறு பங்கு.

அம்பாஸடரும் மாருதி 800-உம் உற்பத்தி நின்று போனது 2014-ஆம் ஆண்டில். அவையும், பிரிமியர் பத்மினியும் இன்னும் நம்மவர் பலர் வீட்டு வாசலில் நிற்கின்றன. அத்தகைய வண்டிக்கு உரியவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்னும் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னரும் இவ்விஷயத்தில் ஆணைகள் பிறந்தவண்ணம் இருக்கின்றன. ஆகையால், வண்டி ஓடலாமா என்பதை நடப்பிலுள்ள ஆணையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே பாட்டரிக்குப் பணம் எடுக்கவேண்டும்.

அடுத்த கேள்வி, பாட்டரி உண்மையில் செத்துவிட்டதா என்பது. வண்டி கிளம்பாத ஒவ்வொரு முறையும் பாட்டரியின்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூஞ்சை போன்ற படிவே பல சமயங்களில் குற்றவாளி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக முடுக்கினால் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு. அதன் பிறகும் ஐயம் இருந்தால் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு வோல்ட்டு பாட்டரி என்று சொல்லுகிறோமே தவிர, அதனுள் இருப்பவை ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட்டாக, முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட்டு இருக்கவேண்டும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.2 காட்டினால் பாதி காலி. 12-க்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ முழுதும் காலி என்றே கொள்ளலாம். மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் திராவகத்தின் அடர்த்தியையும் அளக்கலாம். நிறைந்த நிலையில் 1.25 முதல் 1.28 வரை இருக்கும். ஐந்து அறைகள் ஒருவாறு இருக்க, ஒன்று மட்டும் 0.05 அளவுக்குக் குறைந்து நின்றால் அந்த அறை போய்விட்டது. அப்படிப்பட்ட பாட்டரிக்கு வைத்தியம் செய்வது வீண்.

இதோடு நிறுத்திவிடலாகாது. எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளக்கவேண்டும். மின்னாக்கி ஒழுங்காக வேலை செய்தால் 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை காட்டும். அதற்குக் குறைந்தால் புதுப் பாட்டரியும் பட்டினி கிடந்து சாகும். 15-ஐத் தொட்டால் கொதித்துச் சாகும். பழைய வண்டிகளில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தளர்ந்திருப்பது சகஜம். அதைப் பாராமல் இரண்டாண்டுக்கு ஒரு பாட்டரி வாங்கிக்கொண்டே இருக்கும் நண்பர்களை நாம் அறிவோம்.

பாட்டரியைக் கொல்வது குளிர் என்று வடநாட்டில் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஆனி மாதத்தில் 45 டிகிரி வெயிலில், கொதிக்கும் எஞ்சினுக்கு அருகே இருந்து வேகிறதே, அப்போதுதான் அதன் ஆயுள் தேய்கிறது. நீர் வற்றுகிறது, தகட்டின் சட்டங்கள் அரிக்கின்றன. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் தோராயக் கணக்கு. குளிர் காலத்தில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுகிறது. பாட்டரிக்குள் ரசாயன வினையும் மந்தமாகிறது. கோடையில் பட்ட காயம் மார்கழியில் வெளிப்படுகிறது, அவ்வளவே. ஆகவே பாட்டரியைச் சோதிக்க ஏற்ற காலம் ஐப்பசி. விடியற்காலையில் ஏமாந்த பிறகு அன்று.

இனி, எதை வாங்குவது? வண்டியுடன் வந்த கையேட்டில் கண்ட அளவே முதல் வழிகாட்டி. மாருதி 800 போன்ற சிறு பெட்ரோல் வண்டிக்கு 35 ஆம்பியர்-மணி போதும். டீசல் அம்பாஸடருக்கு இது எம்மூலைக்கும் ஆகாது. டீசல் எஞ்சினின் அழுத்தம் மிகுதி, அதைச் சுழற்ற வேண்டிய வலிமையும் மிகுதி. பெட்டியின்மேல் 38பி20எல் என்பது போல ஒரு குறி இருக்கும். 38 என்பதைக் கொள்ளளவு என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அது ஆற்றல் வரிசையைக் காட்டும் எண்; அப்பாட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணியே. 'பி' அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும்; 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்துத்தான் சங்கடம் செய்வது. முனைகள் எந்தப் பக்கம் அமைந்திருக்கின்றன என்பதை அது சொல்லுகிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கி வந்தால் கம்பி எட்டாது. எட்டாத கம்பியை இழுத்துக் கட்டுவது தீ விபத்துக்கு வழி. பழைய பாட்டரியின் குறியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவது நலம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே வண்டியின் சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்னும் சில ஆறு வோல்ட்டு வண்டிகள். அவற்றை வைத்திருப்போர் இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம்.

பெரிய பாட்டரி போட்டால் ஸ்டார்ட்டர் எரிந்துபோகும் என்று ஒரு பயம் உலவுகிறது. அது தவறு. ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத்தான் இழுக்கும். ஆனால், தட்டில் பொருந்தாத பெட்டி ஆடி ஆடி உள்ளே தகடு உதிரும். உயரம் மிகுந்தால் முனை மேல்மூடியில் தட்டும். இடம் அனுமதித்தால் ஒரு படி பெரிதாகப் போடலாம். ஒரு படி சிறிதாக, விலை மலிவு என்பதற்காக, ஒருகாலும் போடலாகாது.

மூடி திறந்து நீர் ஊற்றும் வகையா, பராமரிப்பே வேண்டாத மூடிய வகையா என்பதில் எங்கள் அபிப்பிராயம் கடைக்காரர்களின் அபிப்பிராயத்துக்கு மாறானது. அவர்கள் மூடியதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். புதிய வண்டிக்கு அது சரி. ரெகுலேட்டர் தளர்ந்த பழைய வண்டியில் மின்னேற்றம் சற்று மிகுந்து நீர் வற்றினால், மூடிய பாட்டரியில் அதை ஈடு செய்ய வழியில்லை. திறக்கக்கூடியதாயின் மாதம் ஒரு முறை பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றவேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே; இங்கே 'பாட்டரி கா பானி' என்று கேட்டால் கொடுப்பார்கள். குழாய் நீரும் கூடாது, திராவகமும் கூடாது. கண்ணாடி நார் திணித்த விலையுயர்ந்த வகைகள், நின்று நின்று கிளம்பும் நவீன எஞ்சின்களுக்காக ஏற்பட்டவை. பழைய வண்டிக்கு அவை வீண் செலவு.

கடையில் செய்யவேண்டியது, முன்னே சொன்ன எங்கள் தவற்றைத் திருத்திக்கொள்வதுதான். காஷ்மீரி கேட்டாயினும், கல்கத்தா மல்லிக் பஜாராயினும், பெங்களூர் ஜே.சி. சாலையாயினும் முறை ஒன்றே. உற்பத்தி மாதத்தைக் காட்டச் சொல்லவேண்டும். குறி புரியாவிட்டால் விளக்கச் சொல்லவேண்டும், கூசவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் செய்தது நல்லது. ஆறு மாதம் கடந்ததை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அங்கேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெகு மலிவாகக் கிடைப்பவற்றுள் பழையதைத் திறந்து பழுது பார்த்துப் புதுச் சீட்டு ஒட்டியவையும் உண்டு.

வாரண்டி முப்பத்தாறு மாதம் என்று கேட்டதும் மகிழ்ந்துவிடக்கூடாது. பெரும்பாலும் அதில் முற்பாதிக்கே இலவச மாற்று. பிற்பாதியில், கழிந்த மாதத்துக்கேற்ப விலையில் தள்ளுபடி மட்டுமே. இரண்டும் எத்தனை எத்தனை மாதம் என்று கேட்டறிந்து, முத்திரையும் தேதியும் இட்ட அட்டையைப் பெறவேண்டும். நம்மைப் போன்றவர்கள் உத்தியோக மாற்றத்தில் இன்று தில்லி, நாளை நாகபுரி என்று போகிறவர்கள். வேறு மாநிலத்தில் அந்த அட்டை செல்லுமா என்று கேட்க மறக்கலாகாது.

பழைய பாட்டரியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தால் விலையில் கணிசமாகக் கழித்துக்கொள்வார்கள். தெருவில் வரும் பழைய சாமான்காரர் பத்தோ நூறோ கூடுதலாகச் சொல்லக்கூடும். ஆனால் அது போய்ச் சேருவது எங்கேயோ ஒரு கொல்லைப்புறத்து உலைக்கு. அங்கே திராவகம் சாக்கடையில் ஓடும். ஈயப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதே சுமத்தியிருக்கின்றன.

மாட்டும்போது, சட்டத்தோடு இணைந்த முனையை முதலில் கழற்றவேண்டும். மாட்டுகையில் அதைக் கடைசியாக மாட்டவேண்டும். அருகே பீடியும் தீக்குச்சியும் ஆகா. மின்னேறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையது.

கடைசியாக, ஊருக்குப் போகும் விஷயம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் வண்டியைப் பூட்டிவிட்டு ரயிலேறுகிறோம். பிற்பாடு பொருத்திய திருட்டு மணியும் பாட்டுப் பெட்டியும் அப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு அது 1.2 ஆம்பியர்-மணி, இருபத்தைந்து நாளில் 30. உங்கள் பாட்டரியோ 35. அவ்வாறு அடியோடு வற்றிக் கிடந்த பாட்டரியின் தகடுகளில் கந்தகப் படிவு கெட்டித்துவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. பெட்டிகளைக் கட்டி முடித்ததும், திருகுச் சாவியை எடுத்துப் போய்ச் சட்டத்தோடு இணைந்த அந்த ஒரு முனையைக் கழற்றி வைத்துவிட்டு ரயிலடிக்குப் புறப்படுவது இப்போது எங்கள் வழக்கம். திரும்பி வந்த அன்றைக்கு அதை மாட்டியதும் வண்டி கிளம்புகிறது. அடுத்த வீட்டுப் பாட்டியும் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்து பின்னிருக்கையில் ஏறிக்கொள்கிறார்.