வில்லி லோமன் எதை இழந்தார்?



'நாடகத்தில் அந்நியமாதல்' என்பது இலக்கிய மாணவர்களுக்கு அடிக்கடி வரும் கட்டுரைத் தலைப்பு. எழுதுகிறவர்களில் பலர் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். முதலில் கார்ல் மார்க்ஸ் 1844-இல் எழுதிய கையெழுத்துப் படிகள், அடுத்து கதைச் சுருக்கம், கடைசியில் 'ஆகவே நாயகன் தனிமையில் வாடுகிறான்' என்ற முடிவு. எனக்கு அந்த முடிவில்தான் உடன்பாடில்லை. தனிமை வேறு, அந்நியமாதல் வேறு.

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் எலியா கசான் இயக்கத்தில் அது மேடையேறியது. நாயகன் வில்லி லோமனுக்கு 63 வயது. ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்பவர். அவர்மேல் உயிரையே வைத்திருக்கும் மனைவி இருக்கிறாள். வளர்ந்த மகன்கள் இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். கைமாற்று கொடுக்கப் பக்கத்து வீட்டு சார்லி இருக்கிறார். அப்படியானால் வில்லி பிரிந்து நிற்பது எதிலிருந்து?

விடை மேடையிலேயே இருக்கிறது. திரை விலகும்போது ஒரு புல்லாங்குழல் கேட்கிறது. வில்லியின் தந்தை குழல் செய்தவர். தாமே செய்த குழல்களை வழியெல்லாம் விற்றுக்கொண்டு போனவர். மகனோ இரண்டு கனத்த பெட்டிகளோடு உள்ளே வருகிறார். பெட்டிக்குள் என்ன சரக்கு என்று நாடகம் கடைசிவரை சொல்வதில்லை. தந்தை தன் கைவேலையை விற்றார். மகன் யாரோ செய்ததை விற்கிறார். இத்தனைக்கும் வில்லி நல்ல வேலைக்காரர். வீட்டுக் கூரையின் உட்புறத்தை அவரே அமைத்தார். சிமெண்ட் குழைத்து வாசற்படி கட்டினார். அவர் செய்த விற்பனை எல்லாவற்றையும்விட அந்த வாசற்படியில்தான் அவர் அதிகம் இருக்கிறார் என்று மூத்த மகன் பிஃப் சொல்லும்போது, அதைக் கேட்க வில்லி உயிரோடில்லை.

குழல், பெட்டி, வாசற்படி மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்ட மாணவருக்குக் கட்டுரையின் மையக்கருத்து கிடைத்துவிட்டது. மார்க்ஸை அதற்குப் பிறகு அழைக்கலாம். அப்போதுதான் அவர் துணைக்கு வருவார். தமிழில் அந்தக் கருத்தாக்கத்தை அறிய எஸ்.வி. ராஜதுரையின் 'அந்நியமாதல்' நூல் இருக்கிறது.

இரண்டாம் அங்கத்தில், முதலாளி ஹோவர்டின் அறையில் நடக்கும் காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 34 ஆண்டு உழைத்தவர் உள்ளூரிலேயே ஒரு வேலை கேட்டு வருகிறார். ஹோவர்டோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டுகிறான். இயந்திரம் பேசுகிறது, எதிரே நிற்கும் மனிதரின் பேச்சு எடுபடவில்லை. வாரம் 65 டாலர் என்று தொடங்கியவர் 50-க்கு இறங்கி, 40-க்கு வந்து நிற்கிறார். சற்று நேரத்தில் வேலையே போய்விடுகிறது. அதற்கு முன், அறையில் தனியே நிற்கும்போது அவர் கைபட்டுக் கருவி ஓடத் தொடங்க, நிறுத்தத் தெரியாமல் அலறுகிறார். அந்நியமாதலை இதைவிடக் கண்ணுக்கு நேராகக் காட்டிய காட்சியை நான் படித்ததில்லை. அதைக் கட்டுரையில் 'முதலாளி இரக்கமற்றவர்' என்ற ஒரே வரியில் கடந்துபோவது பெரிய இழப்பு.

பழியை எல்லாம் சமூக அமைப்பின்மேல் போட்டுவிடவும் கூடாது. சார்லி வேலை தர முன்வருகிறார், வில்லி மறுக்கிறார். அவரிடம் கடன் வாங்கலாம், வேலை வாங்கக் கூடாது என்ற அந்த வறட்டு கௌரவத்தையும் கட்டுரை எதிர்கொள்ள வேண்டும். தன் வாதத்துக்கு இடைஞ்சலான இடத்தை மறைக்காத கட்டுரையை நான் நம்பிப் படிப்பேன்.

இத்தகைய கட்டுரை எழுதவிருக்கும் மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரைநூல்களை ஒருநாள் மூடி வையுங்கள். ஹோவர்டின் அறைக் காட்சியை ஒரு நண்பரோடு சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகு முதல் பத்தியை எழுதுங்கள்.