பதிவட்டையிலிருந்து தொகுப்பு மென்பொருளுக்கு



ஈசூன் வட்டார முதியோரின் பேச்சுத் தமிழை ஒருகாலத்தில் நாம் காணொளியாகப் பதிவுசெய்து வந்தோம். அவர்களுள் சிலர், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய குடும்பத்தினர். ஒரு மூதாட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். நினைவக அட்டையிலிருந்து படக்கோப்புகளை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டு, அட்டையை உடனே அழித்துவிட்டோம். தொகுப்பு மென்பொருளில் வரிசைப்படுத்தியபோது, கோப்புகள் சேரும் ஓரிடத்தில் ஒலி நொடிப்பொழுது அறுந்திருந்தது. அவ்விடத்தில் அவர் சொன்னது, தம் தாயார் வழங்கிய ஓர் உறவுப்பெயர். அதன் முதலசை குறிலா, நெடிலா என்பதை இன்றளவும் அறுதியிட இயலவில்லை. திரும்பக் கேட்க அவரும் இல்லை.

பிழை கருவியினுடையதன்று; நம்முடையதே. பல அட்டைகளில் உள்ள ஃபேட்32 என்னும் கோப்பு அமைப்பு, ஒரு கோப்பை 4 கிகாபைட்டுக்கு மேல் வளரவிடாது. ஆதலால் நீண்ட பேச்சு பல கோப்புகளாகப் பிரிகிறது. ஏவிசிஎச்டி முறையில் பதியும் கருவிகளில், அத்துண்டுகளை இணைப்பதற்கான குறிப்புகள் அட்டையின் வேறு கோப்புறைகளில் இருக்கும். படக்கோப்பை மட்டும் எடுப்பது, ஏட்டுச்சுவடியின் கயிற்றை அவிழ்த்து ஓலைகளை மட்டும் அள்ளுவதற்கு ஒப்பாகும்.

எனவே, அட்டை முழுவதையும் கோப்புறை அமைப்புக் கலையாமல் வன்தட்டில் படியெடுங்கள். மூலமும் படியும் ஒன்றே என்பதைச் சரிபார்ப்புத் தொகை கொண்டு உறுதிசெய்யுங்கள். வேறொரு வன்தட்டில் இன்னொரு படியை வைத்து, அதனை வேறிடத்தில் பாதுகாத்திடுங்கள். பின்னரே, அட்டையிலிருந்து அன்று, வன்தட்டுப் படியிலிருந்து, மென்பொருளின் இறக்குமதி வசதி வழியே காணொளியை ஏற்றுங்கள். இணைப்பிடங்களைக் காதால் கேட்டறிந்த பிறகே அட்டையை அழித்தல் வேண்டும்.

கைப்பேசிப் பதிவுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அதில் நொடிக்கு இத்தனை படச்சட்டம் என்னும் வீதம் பெரும்பாலும் நிலையாக இராது. சில மென்பொருள்களில் உதட்டசைவும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். உதட்டசைவையும் ஒலியையும் ஒருங்கே ஆராய்வோர்க்கு அவ்விலகல் தரவின் பயனைக் குறைத்துவிடும். நிலையான வீதத்துக்கு மாற்றிய பின் ஏற்றுவதே முறை, மூலக்கோப்பையும் விட்டுவிடலாகாது.

மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோரைப் பதிவுசெய்ய நீங்கள் முனையும்போது, பேச்சைக் கேட்பதில் காட்டும் பொறுமையை அட்டையைப் படியெடுப்பதிலும் காட்டுங்கள். நாம் இழந்தது ஓர் அசை. நீங்கள் அதனையும் இழக்க வேண்டா.