அடிமையானவன் யார்? அடிமையாக்கியவன் யார்?



போதைக்கு அடிமையானவனைக் கண்டால் நாடு என்ன சொல்கிறது? "ஒழுக்கங்கெட்டவன், மனவுறுதியற்றவன், பிடித்துச் சிறையிலே போடு" என்கிறது. நம் தோழர்களிலே சிலரும் அவ்வாறு பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகவே அமெரிக்க நாட்டிலே நடந்ததை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1996-ஆம் ஆண்டு பர்டூ பார்மா என்னும் கம்பெனி, ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையைக் கடைக்கு அனுப்பிற்று. அபினின் குடும்பத்துச் சரக்கு அது! சுரங்கத்திலே முதுகொடிந்த தொழிலாளி உண்டான். முழங்கால் வலியென்று மூதாட்டி உண்டாள். "அடிமையாகிவிடமாட்டார்களா?" என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். "நூற்றுக்கு ஒருவர்கூட ஆகார்" என்றனர் கம்பெனியின் விற்பனையாளர்கள். ஆதாரம்? 1980-இல் மருத்துவ இதழொன்றில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம்! அதுவும் மருத்துவமனையிலே, கண்காணிப்பிலே மருந்து பெற்றவர்களைப் பற்றியது. மாதக்கணக்கில் வீட்டிலே வைத்து விழுங்குவோரைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை.

இது புதுத் தந்திரமுமன்று. 1898-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமல் மருந்தென்று விற்ற பொருளுக்கு என்ன பெயர் தெரியுமா? ஹெராயின்!

உடலிலே நடப்பது என்ன? நாள்தோறும் உண்ண உண்ண, மூளை அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. நேற்றைய அளவு இன்று போதவில்லை. நிறுத்தினாலோ வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் வலி, உறக்கமற்ற இரவுகள். இன்பத்துக்காகத் தொடங்காதவனும், அந்தத் துன்பத்துக்கு அஞ்சியே மீண்டும் விழுங்குகிறான். அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல அடங்குகிறது. இதற்குப் பெயர் ஒழுக்கக்கேடா, தோழர்களே?

மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்குச் சென்றனர். பின்னர் வந்தது பென்டனில் என்ற கொடு நஞ்சு. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவிலே பலவகைப் போதைப் பொருள்கள் மிஞ்சி மாண்டவர் ஒரு இலட்சத்துக்கும் மேல்!

கம்பெனிக்கு என்ன தண்டனை? மாத்திரையின் தன்மையை மறைத்து ஏமாற்றியதாக 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ அறுபது கோடி டாலர் கட்டிற்று. அதன் அதிகாரிகள் மூவரும் குற்றத்தை ஒப்பினர். ஒருவரும் சிறை செல்லவில்லை. 2020-இல் கம்பெனி மீண்டும் ஒப்புக்கொண்டது! தெருவிலே ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்குச் சிறை. கோடி கோடியாகக் குவித்தவர்க்கு அபராதம்.

சிறை திருத்துமா? அங்கே மருந்து நின்றுபோக, பழகிய உடல் அப்பழக்கத்தை இழக்கிறது. விடுதலையானவன் பழைய அளவையே எடுக்கிறான், சாகிறான். விடுதலைக்குப் பின்வரும் முதல் இரண்டு வாரங்கள்தாம் அவனுக்குப் பேராபத்தான நாட்கள். மெதடோன், புப்ரெநார்பின் என்ற மருந்துகள் இருக்கின்றன. தொடர்ந்து கொடுத்தால் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மூச்சடங்கியவனை மீட்க நலாக்சோன் இருக்கிறது. மூக்கிலே பீச்சினால் போதும், பள்ளிச் சிறுவனும் செய்யலாம். அந்த மருந்தை அவன் கையிலே கொடுத்துச் சிறைக்கதவைத் திறக்க எத்தனை காசு செலவாகும்?