யார் வந்து பேசுகிறார்?



1820இல் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர், முறைப்படி படித்துப் பட்டம் பெற்றவர். நோய்க்குப் படித்த வைத்தியரைத் தேடும் நாங்கள், பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றிப் பேச வருபவரிடம் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. அவர் பயங்கரப் படங்களைக் காட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். பயமுறுத்தும் பேச்சால் பயனில்லை என்று 2013இல் வெளிவந்த ஐ.நா. தடுப்பு நியமங்களே சொல்கின்றன. மறுத்துப் பேசப் பிள்ளை பழக வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பல வாரம் பழக்க வேண்டும்.

கொழும்புத் திட்டத்தின் கீழ் 2009இல் தொடங்கிய நிலையம் இத்துறையினருக்குச் சான்றிதழ் வழங்குகிறது. தடுப்புப் பணியாளருக்குத் தனிச் சான்றிதழ் உண்டு: பாடநெறி, வேலை அனுபவம், பரீட்சை எல்லாம் வேண்டும், பின்னர் புதுப்பிக்கவும் வேண்டும்.

கடதாசி பிள்ளையைக் காப்பாற்றுமா என்பீர்கள். அதைப் பெறுபவர் ஒழுக்கக் கோவைக்கும் கட்டுப்பட்டவர். பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது. இங்கே காலையில் சொன்ன கதை மாலைக்குள் சில்லாலைக்குப் போய்விடும் அல்லவா!

நூற்றாண்டு நினைவாக எங்கள் ஆசிரியைகள் இருவர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றும் செலவை ஏற்போமா? கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அக்காமாரே, தங்கைமாரே, உங்கள் பதிலைச் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.