கூலி இல்லாத விளையாட்டு



நாற்பதை நெருங்கும் நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே குறையைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட நாள்களில் சோறு தண்ணி மறந்து வீடியோ கேம் ஆடியவர்கள் இவர்கள். இன்று கையில் சம்பளம் இருக்கிறது, வீட்டில் நல்ல கம்ப்யூட்டரோ பிளேஸ்டேஷனோ இருக்கிறது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடி வரும்போதெல்லாம் புதுப்புது ஆட்டங்களை வாங்கிச் சேர்க்கிறார்கள். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஆசையாக உட்காருகிறார்கள். பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் திறக்காமல் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். "வயசாயிடுச்சுப்பா, அவ்வளவுதான்" என்பது அவர்கள் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. வயதுதான் காரணம் என்றால், பணி ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் ஆனால் கேரம் பலகையைத் தேடிப் போகிறவர்கள் நம் தெருக்களில் இருக்க மாட்டார்கள். ஆசை போனதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் ஆசை திரும்பியும் வரும்.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேமை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் கொஞ்ச ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் தெரியவில்லை என்றால் கேசட்டை உருவி, ஊதி, மறுபடி செருகுவோம். கான்ட்ரா என்ற ஆட்டத்தில் அருவி ஏறும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் அவனோடு மேலே போகும். பின்தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். எத்தனையோ அண்ணன் தம்பிச் சண்டைகள் அந்த அருவியில்தான் தொடங்கின.

அந்த ஆட்டங்களில் எதையும் சேமித்து வைக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போச்சு. கரண்ட் வந்ததும் முதல் கட்டத்திலிருந்து தொடங்குவோம். முதல் கட்டத்தை மறுபடி ஆட வேண்டியிருக்கிறதே என்று யாரும் அலுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆடுவதுதானே வேண்டியிருந்தது? அது மறுபடி கிடைத்தது.

வளர்ந்த பிறகு நேரம் குறைந்தது உண்மைதான். வேலை, கடன், குழந்தை, முதுகுவலி. ஆனால் நேரமில்லாத அதே ஆள் செல்போனில் நள்ளிரவுவரை எதையாவது தள்ளிக்கொண்டேதான் இருக்கிறார். ஆகவே நேரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. விளையாட்டுக்குள்ளே கூலி புகுந்ததுதான் பெரிய காரணம் என்பேன்.

2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவி, அச்சீவ்மென்ட் என்ற ஏற்பாட்டை எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாக்கியது. இன்னதைச் செய்தால் இத்தனை புள்ளி. அந்தப் புள்ளிகள் கூடிக் கூடி உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு பிளேஸ்டேஷனில் டிராஃபி என்று வந்தது, ஸ்டீமிலும் வந்தது. செல்போன் ஆட்டங்கள் இதற்கும் மேலே போயின. தினமும் திறந்தாலே ஒரு பரிசு, ஏழாம் நாள் பெரிய பெட்டி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கு ஒன்றிலிருந்து. சீசன் முடிவதற்குள் இன்னின்ன வேலையை முடிக்காவிட்டால் உங்கள் பாத்திரத்துக்கான சிறப்புச் சட்டை கிடைக்காது. ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மனிதர், வீட்டில் இன்னொரு பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். அலுப்பு வராமல் என்ன செய்யும்?

இதை விளக்கும் ஆய்வு ஒன்று 1973இல் வெளியானது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்தது. யாரும் சொல்லாமலே ஸ்கெட்ச் பேனாவை எடுத்துப் படம் போடும் பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், "படம் போட்டால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்துப் போட்ட பிள்ளைகள், மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கோ ஆசை குறையவில்லை. பரிசைக் காட்டி வாங்கிய விளையாட்டு, பரிசு நின்றதும் சுருங்கிப்போயிற்று. நாமும் பல ஆண்டுகளாகச் சான்றிதழுக்காகவே படம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஆசை திரும்பியது 2023இல் வந்த 'வெண்பா' என்ற ஆட்டத்தில். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் ஒரு சிறு குழு உருவாக்கியது. 1980களில் அங்கே குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவிக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன இடங்களை யோசித்து நாம் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டு, முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. கன்ட்ரோலரைக் கையால் தொட்டிராத என் அம்மா, நான் இட்லித் தட்டு அடுக்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னடா இது, இப்படி அடுக்கினா ஆவி எப்படிடா மேல போகும்? தட்டைத் திருப்பி வை!" திருப்பி வைத்தேன். இட்லி வெந்தது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துபோகும் ஆட்டம்தான். புள்ளிக் கணக்கு எங்கள் இருவர் நினைவுக்குமே வரவில்லை.

அதன் பிறகுதான் 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஆட்டத்தைத் திறந்தேன். இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஒரு குட்டிச் சூரிய மண்டலம், உங்களுக்கு ஒரு பழைய விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். நீங்கள் செத்து, தொடங்கிய இடத்திலேயே கண் விழிப்பீர்கள். துப்பாக்கி கிடையாது, லெவல் ஏறுவது கிடையாது, வாங்கிச் சேர்ப்பதற்குக் கடையும் கிடையாது. பயணத்தைத் தொடங்கும்போது இருக்கும் கலமும் கருவிகளும்தான் கடைசிவரை. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே உங்களோடு வருவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்.

அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் உண்டு. ஒன்றின் மணல் தூணாக எழும்பி மற்றதன் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். மணல் விழும் கோளில் குகைகள் மூடிக்கொண்டு வரும், மணல் போகும் கோளில் புதைந்திருந்த கோபுரங்கள் தலை காட்டும். எப்போது எங்கே போவது என்பதை மணலைப் பார்த்து நீங்களே கண்டுகொள்ள வேண்டும். மணல் ஏறி நசுங்கிச் செத்தால்கூட, இந்தக் குகைக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்ற ஒரு செய்தி கையில் தங்கும்.

பாட்டுக் கேட்பவர்களுக்குப் பிடிக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெவ்வேறு கோள்களில் சக பயணிகள் தனித்தனியாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் பாஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத் ஆர்கன். ஒலி கேட்கும் கருவியை ஒரு கோளின் பக்கம் திருப்பினால் ஒரு வாத்தியம் கேட்கும். வெகு தூரம் விலகிப்போய், எல்லாக் கோள்களும் ஒரே திசையில் தெரியும்படி நின்று திருப்பினால், அத்தனையும் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். அதைக் கேட்டதற்கு ஒரு பரிசும் இல்லை. நான் கலத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆட்டத்தைத் தொலைத்த நண்பர்களிடம் இப்போது இவ்வளவுதான் சொல்கிறேன். அச்சீவ்மென்ட் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். தினப் பரிசு தரும் ஆட்டங்களைச் செல்போனிலிருந்து எடுத்துவிடுங்கள். வழி தெரியவில்லை என்றதும் யூடியூபைத் திறக்காதீர்கள். தெரியாமல் சுற்றுவதில்தான் பாதி இன்பம். வாங்கிவிட்டோமே என்பதற்காக எதையும் முடிக்க வேண்டாம்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' ஆட்டத்தை ஒருமுறை முடித்தவர், அதே ஆவலோடு இரண்டாம் முறை ஆட முடியாது. விடைகள் தெரிந்துவிடுகின்றன. ஆகவே லீவுக்கு வந்த அக்கா மகனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடைந்து உதிரும் கோள் ஒன்று உண்டு, அதன் நடுவில் ஒரு கருந்துளை. கால் வழுக்கி நேராக அதற்குள் விழுந்தான். கத்தினான். சூரிய மண்டலத்தின் மறுகோடியில் போய் வெளியே வந்தான்.

"மாமா, இது வேணும்னே விழற இடமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சூரியன் வெடித்தது. அடுத்த முறை கண் விழித்ததும், கலத்தைக் கிளப்பி நேராக அந்தக் கருந்துளையைப் பார்த்தே ஓட்டினான்.